நான்காவது துளை

ட்ரேயில் விழும் விரிசலை முதலில் யாரும் விரிசல் என்று நினைப்பதில்லை. தலைமுடி ஒட்டியிருக்கிறது என்று நானும் நகத்தால் எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. குனிந்து பார்த்தால், தண்ணீர் போகும் துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியிலிருந்து நான்கு பக்கமும் கோடு ஓடியிருந்தது.

விசாரணையில் நீங்கள் கேட்டது குளியலறையில் நாங்கள் நின்று குளிக்கும் அந்த ஃபைபர் ட்ரேயைப் பற்றி என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். வாயால் சொல்லச் சொன்னால் எனக்கு வராது. எழுதித் தருகிறேன் என்றதும் சம்மதித்தீர்கள். நன்றி.

எங்களுக்கு வீடு என்பது அந்த வண்டிதான். முன்னால் அப்பாவின் இருக்கை, நடுவில் அடுப்பும் மடக்கு மேசையும், அடுத்து அடுக்குப் படுக்கை, கடைசியில் பின் சக்கரத்தை ஒட்டிக் குளியலறை. உள்ளே நின்று திரும்பினால் முழங்கை இடிக்கும். அப்பா வெல்டர். வேலை இருக்கும் இடத்தில் வண்டி நிற்கும், முடிந்ததும் நகரும். அம்மா இறந்தபோது எனக்குப் பதிமூன்று வயது, தங்கைக்கு ஐந்து. நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. அவளுக்கு யாராவது தலை பின்ன வேண்டியிருந்தது.

விரிசலைப் பார்த்த வாரம்தான் அவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. விடுதியில் தங்க வேண்டும். சேர ஐந்து மாதம் இருந்தது.

“என்னை இறக்கிவிட்டுட்டு நீ கால் நீட்டித் தூங்கலாம்க்கா” என்றாள்.

“ம்.”

“வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?”

அப்பா சிரித்தார். “அவள விடு. உன் வாய்க்கு அவ காது இருக்கறதாலதான் இந்த வண்டியில குடித்தனம் நடக்குது.”

புது ட்ரே வாங்கலாம் என்றார் அப்பா. ஒட்டிவிடலாம் என்றேன் நான். அந்த மாதிரி வேலைகள் எல்லாம் என்னுடையவைதான். விரிசலை ஒட்டும் முன் அது முடியும் இடத்தில் சின்னதாகத் துளை போட வேண்டும். துளை இருந்தால் கோடு அதோடு நின்றுவிடும், மேலே ஓடாது. பிறகு உப்புத்தாளால் தேய்த்து, ஃபைபர் துணியை விரித்து, ரெசின் பசை பூசி ஒரு நாள் காய விட வேண்டும்.

மூன்று முனைகளில் துளை போட்டேன். நான்காவது, சக்கரத்தின் பக்கம் போன கோடு. அப்போது அவள் கதவில் தலையை நீட்டினாள்.

“அக்கா, என் துணியெல்லாம் ஒரே பெட்டியில அடங்குமா? இல்ல ரெண்டு வேணுமா?”

“ஒண்ணு போதும்” என்றேன். டிரில்லை அணைத்தேன். பிறகு நான்கு கோட்டின் மேலும் ஒரே மாதிரி துணி ஒட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

நான் நினைத்தது இவ்வளவுதான்: ட்ரே மறுபடி விரிசல் விடட்டும், வண்டி பட்டறையில் நிற்கட்டும், சேரும் நாள் தாண்டிப் போகட்டும். ஆனால் என் வேலை நான் நினைத்ததைவிடக் கெட்டியாக இருந்தது. ஆகவே எல்லோரும் குளித்த பிறகு, ட்ரேயைக் கழுவும்போது, சக்கரப் பக்க மூலையில் ஒரு குவளை தண்ணீர் நிற்க விட்டேன். ஒரு குவளைதான். மூன்றாவது வாரம் கோடு மறுபடி தெரிந்தது. அதன் பிறகு தண்ணீரை அதுவே குடித்துக்கொண்டது.

“ஏதோ ஊறிப்போன வாடை வருதே” என்றார் அப்பா.

“உங்க சாக்ஸ்தான்ப்பா. அதையும் அக்காகிட்ட குடுத்து ஒட்டச் சொல்லுங்க” என்றாள் தங்கை.

நான்காம் மாதம் வண்டிக்கு அடியில் படுத்து, ட்ரேக்குக் கீழே இருக்கும் பிளைவுட்டை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தேன். பிடி வரை இறங்கியது. அன்று முதல் நான் கதவுப் பக்கமாக நின்றே குளித்தேன். அப்பாவிடமும், அந்தப் பக்கம் வழுக்குகிறது, இந்தப் பக்கம் நில்லுங்கள் என்றேன்.

தங்கையிடம் சொல்லவில்லை.

அவளைச் சேர்க்கப் போன அன்று நல்ல வெயில். ஓடும் வண்டியில் குளியலறைக்குப் போகக் கூடாது என்பது அப்பா வைத்த சட்டம். அவர் ஓட்டிக்கொண்டிருப்பதால் எப்போதும் அதை ஞாபகப்படுத்துவது நான்.

“முகம் கைகால் மட்டும் கழுவிட்டு வரேன்க்கா. விடுதியில முதல் நாளே வேர்த்து நாறிட்டு நிக்கணுமா?”

துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். நான் அவளுடைய பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன். வண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. அவள் அலறவில்லை. “அக்கா” என்று மட்டும் கூப்பிட்டாள், சின்ன வயதில் கெட்ட கனவு கண்டால் கூப்பிடுவது போல. கதவைத் திறந்தபோது வலது கால் தொடை வரை கீழே போயிருந்தது. கீழே சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. மற்றது மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளில் இருக்கிறது.

நீங்கள் ட்ரேயைக் கழற்றி, துணியை உரித்துப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டீர்கள்: “மூணு முனையில இவ்வளவு சுத்தமா துளை போட்ட கை, நாலாவத எப்படி விட்டுச்சு?” பாவம் பிள்ளை, மறந்திருக்கும் என்றார் அப்பா. நான் மறக்கவில்லை. அவர் பொய் சொன்னதாக நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் வெறுத்துச் செய்ததாகவும் நினைக்க வேண்டாம். முன்பு போலவே அவளுக்கு நான்தான் தலை பின்னுகிறேன். இப்போது என் மடியிலேயே தூங்கிப்போகிறாள். கல்லூரியிலிருந்து மறுபடி கடிதம் வந்திருக்கிறது, அடுத்த ஆண்டு வரை இடத்தை வைத்திருப்பார்களாம். செயற்கைக் கால் பழகிவிட்டால் போய்விடுவேன் என்கிறாள். நான் “ம்” என்றேன்.

நேரமாகிறது. அவளைக் குளிக்க வைக்க வேண்டும். புது ட்ரே போட்டுவிட்டேன், அடியில் தரையும் புதிது, விரிசல் என்ற பேச்சுக்கே இடமில்லை. அவள் உட்கார்ந்து குளிக்க நான்கு கால் ஸ்டூல் ஒன்றும் செய்திருக்கிறேன். வழுக்காமல் இருக்க அதன் கால்களுக்கு ரப்பர் மாட்டியிருக்கிறேன், மூன்று கால்களுக்கு.