எருமைக்கு வாங்கிய எண்ணெய்

பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் கிளம்பியதும் மூத்தவர் சொன்னார்: "எருமைப் புண்ணுக்குத் தடவுற வேப்பெண்ணெயத்தான் எங்கூட்டுக்காரருக்கும் தடவி உட்டேன்."

நான் செல்போனைப் பையில் போட்டுவிட்டேன்.

"ஐயையோ, ஏனுங்க்கா?" என்றார் இளையவர்.

"கரும்புச் சோகை உரிக்கப் போயி கையெல்லாம் கீறிக்கிட்டாரு கண்ணு. வேப்பெண்ணெய்னா நாத்தம்னு கையத் தட்டி உட்டுருவாரு. அதான் கற்பூரத்தப் பொடிச்சுப் போட்டு, நாமக்கல்ல வாங்குன தைலம்னு சொல்லிப்போட்டேன்."

"ஆறிப்போச்சுங்களா?"

"தழும்புகூட இல்ல. இந்தத் தைலம் மாதிரி வருமான்னு தோட்டத்துக்கு வாரவங்ககிட்ட எல்லாம் ஒரே பெருமை. இப்பத் தீந்துபோச்சு. அந்தக் கடையக் காட்டுன்னு கூடவே பஸ் ஏறிட்டாரு. அதா, டிரைவருக்குப் பின்னால உக்காந்திருக்காரு பாரு. நான் எந்தக் கடையப் போயிக் காட்டட்டும்?"

இருவரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நாமக்கல் நெருங்க நெருங்க மூத்தவரின் சிரிப்பு மட்டும் குறைந்துகொண்டே வந்தது.

பஸ் ஸ்டாண்டில் அந்த மனிதர் எழுந்து எங்கள் சீட்டுப் பக்கம் வந்தார். மனைவியின் கையிலிருந்த கூடையை வாங்கிக்கொண்டார்.

"பெரிய புட்டியாவே வாங்கிரு புள்ள," என்றார். "எனக்கும் எருமைக்கும் சேத்து."