விலை பார்க்கிறவர்கள்

— ஒங்க ஆப்புல செவப்புப் பட்டன் இல்லைங்காரு எம் வீட்டுக்காரரு, சிவபாலன் தம்பி! மீன் வெலதான் பெருசு பெருசாத் தெரியுதாம். வள்ளத்துல தண்ணி ஏறுது, அவரு எத அமுக்குவாரு?

— பதறாதீங்க அல்போன்சாக்கா. அந்த ஆப் செஞ்சதே நான்தான். கடலுக்குப் போறவங்க எல்லாரு போன்லயும் ஆபத்துப் பட்டன் இருக்கும்.

— அப்ப எம் புருசன் பொய்யா சொல்லுதாரு? பக்கத்து வீட்டு எமில்டா போனுக்குக் கூப்பிட்டு அழுதாருய்யா. மரியான் அழுது நான் பாத்ததே இல்ல. இஞ்சின் நின்னுட்டாம், மேக்க இருந்து அடிக்கிற கச்சான் காத்து நடுக்கடலுக்குத் தள்ளுதாம். அதோட லைன் போயிட்டு.

— கோஸ்ட்கார்டுக்குச் சொன்னீங்களா?

— சொன்னோம். எந்த இடம்னு கேக்காவ. இடம் தெரிஞ்சா நான் ஏன் ஒங்க ஆபீசுக்கு ஓடியாரேன்? பட்டன அமுக்குனா இடம் தானாப் போயிரும்னு எங்க திரேஸ்புரக் கடக்கரையில வந்து சொன்னது நீங்கதான!

— இருங்க, அவரு நம்பரப் பாக்கேன்... ஐயோ.

— என்ன ஐயோ? சொல்லுய்யா!

— ஆப்புல யாரு எதத் தொடுதாங்கன்னு பாத்து, எல்லாரையும் கூட்டங்கூட்டமாப் பிரிச்சோம்க்கா. இந்தப் போன்ல தெனமும் ஏல வெல மட்டுந்தான் பாத்திருக்கு. அதான் 'வெல பாக்கிறவங்க' கூட்டத்துல விழுந்துட்டாரு. கரையில இருக்க வியாபாரிக்கு ஆபத்துப் பட்டன் எதுக்குன்னு... எடுத்துட்டேன்.

— வெல பாத்தது நான்! வீட்டுக்கு ஒரு போனுதான தம்பி. கரையில எங்கிட்ட இருக்கும், கடலுக்குப் போனா அவருகிட்ட. ஈரக்கையோட அங்க அவரு ஆப்பத் தொடவா போறாரு?

— ஒரு போனுன்னா ஒரு ஆளுன்னு நெனச்சிட்டேன்க்கா. என்ன மன்னிச்சிருங்க...

— மன்னிப்பு பெறகு கேளு. மொதல்ல பட்டனப் போடு!

— அவருக்கு மட்டும் போட முடியாது, கூட்டம் பூராவுக்கும் போடணும்... போட்டாச்சு. கொஞ்சம் சிக்னல் கெடச்சாப் போதும், அவரு போன்ல வந்துரும்.

— மாதாவே, எம் பிள்ளையளுக்கு அப்பன் வேணும்... பயமா இருக்கு தம்பி. ஏதாவது தெரியுதா?

— வந்துட்டு! அமுக்கிட்டாரு, மேப்புல செவப்புப் புள்ளி! முயல்தீவுக்குக் கெழக்க... அவரு நம்பர்தான்க்கா!

— ஆண்டவரே! கோஸ்ட்கார்டுக்குச் சொல்லுய்யா, சீக்கிரம்! ஏன் அப்படியே நிக்க?

— அக்கா... அங்கன இன்னொரு புள்ளி. இந்தா, இன்னும் ரெண்டு. நிக்கவே மாட்டேங்குது, மேப்பெல்லாம் செவந்துகிட்டே போகுது... வெல பாக்கிறவங்கன்னு நான் ஒதுக்குன இத்தன பேரும் கடல்ல நின்னு அந்தப் பட்டனைத்தான் தேடிக்கிட்டு இருந்திருக்காங்க.