தொழிற்சாலைக்குப் போகும் தெரு

நீங்கள் வவுனியாவிலிருந்து வந்த தெரு நல்ல தெரு. கடைசி மூன்று மைலிலும் ஜீப் குலுங்கியிருக்காது. தார் ஊற்றியபோது நானே குடையோடு பக்கத்தில் நின்றேன். நீங்கள் விசாரிக்க வந்த விஷயமும் அந்தத் தெருவில்தான் தொடங்குகிறது.

நான் பரமேஸ்வரன், இந்தப் பிரிவின் பிரதேச செயலாளர். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு எங்களுக்கு வந்த அபிவிருத்தி நிதி ஒரு வேலைக்குத்தான் காணும். குளக்கட்டைத் திருத்தலாம், இல்லையென்றால் தெருப் போடலாம். கட்டு அரித்துப்போயிருந்தது. அதன் கீழே குடியிருப்பு. எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய சனங்கள். தெரு போய் முடியும் இடத்தில் கொழும்புக் கம்பனி ஒன்று கட்டிக்கொண்டிருந்த ஆடைத் தொழிற்சாலை.

பிரதேச நிதியால் தேசிய கைத்தொழிலுக்குக் கைகொடுப்பது விரும்பத்தக்கது என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. வற்புறுத்தல் ஒன்றும் இல்லை. கூட்டத்தில் நான் நாட்டைப் பற்றிப் பேசினேன். எங்கள் பெண்பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும், குளம் அடுத்த வருடமும் அங்கேதான் இருக்கும் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் அதை நம்பினேன் என்றே நினைக்கிறேன்.

சொல்ல வந்துவிட்டு ஒளிக்கக்கூடாது. எனக்கு ஒரே மகள், சுதர்சினி. அவளுக்கு இதயத்தில் ஓட்டை. முற்றத்தில் நாலடி ஓடினால் உதடு நாவற்பழம் தின்றதுபோல் ஆகிவிடும். கொழும்பில்தான் சத்திரசிகிச்சை செய்யவேண்டும். வவுனியாவைத் தாண்டிப் போவதற்கு இராணுவத்தின் பாஸ் வேண்டும். அவர்கள் தந்தது மூன்று நாள் பாஸ். தங்கவேண்டியதோ மூன்று மாதம். அந்த வரிசையில் நின்றபோது நான் பிரதேச செயலாளர் அல்ல, நோயாளிப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற ஒரு தமிழன், அவ்வளவுதான். வீட்டில் மூச்சு வருகிறதா என்று அவள் மூக்கருகே கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். என் மனைவி கமலேஸ்வரி சாமிப் படங்களைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டாள். நான் பைத்தியக்காரனைப்போல் இருந்தேன்.

அப்போதுதான் தொழிற்சாலைப் பணிப்பாளர் கந்தோருக்கு வந்து என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். தெருவைப் பற்றிக் கதைத்தார். தேநீர் வந்தபின் மகளைப் பற்றி விசாரித்தார். பாஸ் தன் பொறுப்பு என்றார். இரண்டையும் அவர் சேர்த்துச் சொல்லவில்லை, நாகரிகமான மனிதர். அவர் போனதும் நிதியைத் தெருவுக்கு ஒதுக்கிக் கையெழுத்துப் போட்டேன். பெற்றவர்கள் யாராக இருந்தாலும் போட்டிருப்பார்கள்.

பாஸ் வந்தது. தாயும் மகளும் போனார்கள். தெருவும் முடிந்தது.

மார்கழியில் மழை விடாமல் அடித்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் வடிவம்மா கந்தோருக்கு வந்தாள். குடியிருப்பிலிருந்து எங்கள் வீட்டுக்குக் கீரை கொண்டுவருபவள். சாக்கை மடித்துத் தலையில் போட்டபடி வாசலிலேயே நின்றாள்.

“ஐயா, கட்டுல தண்ணி ஒழுகுதுங்க. கலங்கலா வருது. மழை விடுற மட்டும் புள்ள குட்டிகளோட பள்ளிக்கூடத்துல படுத்துக்கிறோங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்.”

கேட்காமலே போயிருக்கலாமே என்று நினைப்பீர்கள். அனுமதியில்லாமல் இடம் மாறும் குடும்பத்துக்கு நிவாரண அரிசியை நிறுத்துபவன் நான். ஆவணியில் இரண்டு குடும்பங்களுக்கு நிறுத்தியும் இருந்தேன். அதை அவர்கள் மறக்கவில்லை.

நான் உருத்திரபுரத்தில் குளத்துத் தண்ணீரில் வளர்ந்தவன். தெளிந்த நீர் கசிந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் கட்டு உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் பள்ளிக்கூட மண்டபத்தில் கதிரைகள் அடுக்கி, நிறக்கடதாசி கட்டியிருந்தோம். திங்கட்கிழமை தெருத் திறப்பு விழா. கொழும்பிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள். ஈரப் பாய்களும் அழுகிற குழந்தைகளுமாக ஒரு குடியிருப்பே அங்கே கிடந்தால், ஏன் என்று கேட்பார்கள். குளக்கட்டு என்று யாராவது சொல்வார்கள். பிறகு நிதி எங்கே போனது என்று கேட்பார்கள்.

“ஒண்டும் நடக்காது, வடிவம்மா. இஞ்சினியர் வந்து பாத்தவர். எல்லாரும் வீட்டிலையே இருங்கோ,” என்றேன்.

எந்த இஞ்சினியரும் வந்து பார்க்கவில்லை.

ஞாயிறு விடியுமுன் கட்டு உடைந்தது. எத்தனை பேர் என்ற கணக்கு ஆஸ்பத்திரியில் இருக்கிறது. வடிவம்மாவைத் தொழிற்சாலை வேலியில் கண்டெடுத்தார்கள். எல்லோரையும் பள்ளிக்கூட மண்டபத்தில்தான் கிடத்தினோம். நிறக்கடதாசியைக் கழற்ற நேரம் இருக்கவில்லை. தெரு நன்றாக இருந்தபடியால் வவுனியாவிலிருந்து சவப்பெட்டிகள் சுணங்காமல் வந்தன. அதையும் கவனத்தில் எடுங்கள்.

மழை என்று எழுதவேண்டாம். அவர்களைக் கொன்றவன் நான். தெரிந்துகொண்டுதான் திருப்பி அனுப்பினேன். காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்: என் பிள்ளையின் உயிர்.

இன்னும் ஒன்று. அன்று வடிவம்மா படியிறங்கப் போனவள் திரும்பி நின்று, “பாப்பா எப்புடிங்க இருக்கா?” என்று கேட்டாள்.

“ஒப்பரேசன் முடிஞ்சு மூண்டு கிழமை. இப்ப கஞ்சி குடிக்கிறாளாம், தனிய நடக்கிறாளாம். இனிப் பயமில்லையாம்,” என்றேன். அன்று காலைதான் கமலேஸ்வரி தொலைபேசியில் சொல்லியிருந்தாள்.

வடிவம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. என் மகளுக்காகக் குளக்கட்டுப் பிள்ளையாருக்கு நேர்ந்திருந்தாளாம். நாளைக்கே தேங்காய் உடைக்கவேண்டும் என்றாள். என்னைக் கும்பிட்டுவிட்டு மழைக்குள் இறங்கிப் போனாள்.

எல்லாம் மகளைக் காப்பாற்றத்தான் செய்தேன், ஐயா. அதை மட்டும் மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள்.