மெதேவ் ஏற்றமும் ஒரு வாலும்

— அப்ப குதிரைக்கறியை எங்க தொங்கவிடறது? உங்க கழுத்துலயா?

— ஒரு ஆணி, குல்யாஷ். பால்கனியில ஒரே ஒரு ஆணி. கறி இந்தப் பக்கம், சைக்கிள் அந்தப் பக்கம். ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டுச் சும்மா கிடக்கட்டும், நாம கிடக்கலையா?

— பனிக்காலம் பொறந்து குதிரையை வெட்டிப் பங்கு போட்டா அந்தப் பால்கனியில எலி நுழைய எடம் இருக்காது, கிழவரே. சரி, ஒண்ணுன்னு நானும் ஒத்துக்கிட்டேன். கராஜை இடிக்கறான், நீங்க சேத்து வச்ச மத்த சைக்கிளெல்லாம் மத்தியானம் லாரியில ஏறியாகணும். ஒண்ணுன்னா ஒண்ணு.

— ஒண்ணுதான். நான் ரேஸ் ஓட்டின சிவப்பு.

— பச்சை.

— எந்தப் பச்சை?

— தெரியாத மாதிரி கேக்காதீங்க. தெமிர் அண்ணனோட பச்சை.

— ஓகோ. உங்கண்ணன் போய்ச் சேந்தப்புறம் அவர் கோழிக் கொட்டகையிலேர்ந்து நான் இழுத்துட்டு வந்ததா? எச்சத்தைச் சுரண்டறதுக்கே ஒரு வாரம் ஆச்சு. அதுக்கு அடியில பெயின்ட்டு. மேல பூங்கா பெஞ்சுக்கு அடிக்கற பச்சை, அதுக்குக் கீழ வேலிக்கு அடிக்கற நீலம், எல்லாத்துக்கும் கீழ, பெடல் அச்சுக்கு அடியில, கட்டைவிரல் நகம் அளவுக்குக் கார்கிவ் சைக்கிள் ஃபேக்டரியோட அசல் பச்சை. அதைப் பாத்துப் பாத்து நிறம் கலந்தேன்.

— கலந்தது சின்ன மருமகளோட நகப்பூச்சுல.

— ஓரத்துல தொட்டுவிடத்தான். ஃபேக்டரியில எப்படி இறங்குச்சோ அப்படி நிக்கணும். அவ்வளவுதான் என் சட்டம்.

— அந்தச் சட்டத்துக்குத்தான் என் கடாயைத் தூக்கிட்டுப் போய் கொழுப்பும் கிராஃபைட்டும் போட்டுச் செயினை வேக வச்சீங்க. கழுவினேன், கழுவினேன், போகல. பெரிய மருமக மொத தடவை வந்த அன்னிக்கு அதே கடாய்ல கறி வறுத்தேன். ‘அத்தை, இதுல என்ன மசாலா?’ன்னு கேக்கறா.

— நல்லா இருக்குன்னுதானே சொன்னா?

— மறுபடியும் வாங்கிச் சாப்பிட்டா. அது வேற கதை. பொண்ணோட கல்யாணத் துணி தொங்கின பீரோவுல டயரைத் தொங்கவிட்டது?

— ரேஸ் டயர் இருட்டுல ஊறணும். ஒயின் மாதிரி. வருஷம் ஏற ஏற உறுதி.

— பொண்ணு மணப்பொண்ணா நிக்கறா, மேலெல்லாம் ரப்பர் வாசம்.

— மாப்பிள்ளைக்கு டயர் கடைதானே? அவனுக்கு அது அத்தர்.

— ஓய்பாய், கடவுளே, டயரைப் பத்தி என்கிட்டப் பேசாதீங்க. இந்த ஊர்ல ரேஸ் ஓட்டின அத்தனை பய டயரையும் தையல் பிரிச்சு, உள்ள ட்யூபை ஒட்டி, மறுபடி தைச்சுக் குடுத்தது நான். நீங்க எங்க வீட்டு வாசல்ல மொத மொத வந்து நின்னதே டயரைத் தோள்ல மாட்டிக்கிட்டுத்தான்.

— ஆமா. மெதேவ் மலை ரோட்டு சைக்கிள் போட்டி முடிஞ்ச மறு வாரம்.

— அந்த டயர்ல ஓட்டையே இல்ல. தண்ணித் தொட்டியில முக்கி முக்கிப் பாத்தேன். ஒரு குமிழி வரல.

— மெதுவா இறங்கற ஓட்டை. கண்ணுக்குத் தெரியாது.

— அதே டயரை அடுத்த வாரமும் கொண்டாந்தீங்க. அதுக்கடுத்த வாரமும்.

— ரொம்ப மெதுவா இறங்குச்சு.

— அம்மா டீ ஊத்தி ஊத்திக் களைச்சுப் போய், ‘இந்தப் பையன் டயருக்கு வரலடி’ன்னா.

— உங்கம்மா டீ! பால்ல உப்பைப் போட்டு, மேல வெண்ணெய் மிதக்கும். முற்றத்துல ஆப்பிள் மரம். ஒவ்வொரு பழமும் குழந்தைத் தலை அளவு. வண்டியைத் தெருவோரத்து ஓடைத் தண்ணியிலயே கழுவிட்டு வருவேன், மலைப்பனி உருகின தண்ணி, விரல் மரத்துப் போகும். மேல போற ரோட்டுல ரெண்டு பக்கமும் தோப்பு. நாங்க கூட்டமா ஏறினா மரத்துலேர்ந்து பசங்க ஆப்பிளை வீசுவாங்க, புடிச்சுக் கடிச்சுக்கிட்டே ஏறுவோம். இப்ப அந்தத் தோப்பு முழுக்க வில்லா. வேலிக்கு மேல நாய் எட்டிப் பாக்குது.

— பேச்சை மாத்தாதீங்க. பச்சை.

— பச்சை போகணும் குல்யாஷ். பழைய சைக்கிளுக்கு மியூசியம் வைக்கற அந்த எஸ்தோனியாக்காரன் லாரி அனுப்பறதே பச்சைக்காகத்தான். மத்ததெல்லாம் அவனுக்குக் கொசுறு. கண்ணாடிப் பெட்டி செஞ்சு வச்சிருக்கானாம். ‘எழுபத்தேழாம் வருஷம், மெதேவ் ஏற்றப் போட்டி, வென்றவர் தெமிர்’னு பலகைகூட எழுதியாச்சாம்.

— பலகை எழுதிட்டானா?

— எழுதிட்டான். உங்கண்ணன் பேர் எஸ்தோனியாவுல நிக்கும். உனக்கென்ன வலிக்குது?

— எனக்கு வண்டி வேணும். அண்ணன் ஞாபகமா.

— அவர் ஞாபகத்துக்குத்தான் அவர் நாய் நம்ம வீட்டுல என் செருப்பைத் தின்னுக்கிட்டிருக்கே! இங்க பாரு. வேற காரணம் சொல்லு, பச்சை நிக்கும். ‘அண்ணன் ஞாபகம்’னு மட்டும் சொல்லாத. இது என்னைத் தாண்டின வண்டி. தினம் காலையில டீயைக் கையில வச்சுக்கிட்டு நான் இது மூஞ்சியில முழிக்கணும்னா, சும்மா முழிக்க முடியுமா? ஒரு காரணம் வேணாம்?

— அது சரி, இதுல சீட்டுக் கம்பியை மாத்திட்டீங்களா?

— பின்ன? உங்கண்ணன் ஆறடி மனுஷன். அவர் வண்டியில கம்பியைப் பாதிக்குமேல அறுத்து வச்சிருக்கு. ஃபிரேம் மேல சீட்டு அடைகாக்கற கோழியாட்டம் உக்காந்திருந்துது. புதுக் கம்பி போட்டு ஒரு சாண் தூக்கினேன். இப்பத்தான் லட்சணமா இருக்கு.

— எதுக்கு அறுத்தான்னு யோசிச்சீங்களா?

— எடை குறைக்கத்தான். அந்தக் காலத்துல எல்லாப் பயலும் பைத்தியம். பிரேக் புடியில ஓட்டை, பல்சக்கரத்துல ஓட்டை, எங்க பாத்தாலும் டிரில்லு போட்டு ஓட்டை. நம்ம ஃபெத்யா பெல்ட்டுல போட்டான். ஸ்டார்ட்டுல விசில் ஊதினதும் பேன்ட் கீழ.

— பழைய கம்பி எங்க?

— பழைய சாமான்காரன்கிட்டப் போட்டாச்சு.

— போட்டாச்சா?

— ஃபேக்டரி சாமான் இல்ல. போட்டாச்சு.

— வாலண்ணே! உள்ளயா இருக்க?

— வந்துட்டான். பேச்சை எடுத்தா பேன்ட்டோட வர்றான். வா ஃபெத்யா.

— கும்புடறேன் குல்யாஷ் அக்கா. லாரி பாலத்துக்கிட்ட வந்துடுச்சு, டிரைவர் கராஜ் வரிசை எங்கன்னு போன்ல அழறான். அட சாத்தானே, இதுவா பச்சை? நம்ம வாலு ஒட்டிக்கிட்டுப் போன வண்டி!

— ஃபெத்யா, வாயில ஸ்பேனரை வைப்பேன்.

— வை. அக்காவுக்குத் தெரியாததா? ஊருக்கே தெரியும். ஒவ்வொருத்தனா, நிமிஷத்துக்கு ஒருத்தனா விடற போட்டி. தாண்டினவன் போயிடணும், தாண்டப்பட்டவன் விலகி வரணும். பின்னாடி ஒட்டிக்கிட்டுப் போனா அடுத்தவன் காத்தைத் திருடினதா கணக்கு. ரேஸ்காரனுக்கு அதைவிடக் கேவலம் கிடையாது, குதிரைக்காரனுக்குக் குதிரை திருடற மாதிரி. அண்ணன் என்ன பண்ணாரு? தெமிர் தாண்டினாரோ இல்லையோ, போய் அவர் பின்சக்கரத்துல பல்லி மாதிரி அப்பிக்கிட்டாரு. மலை மேல அணைக்கட்டு வரைக்கும்! பின்னாடி நடுவருங்க ஜீப்பு, ஹாரன் அடிக்கறான், ஒலிபெருக்கியில கத்தறான், வலது பக்கம் வந்தா இவரு வலது, இடது பக்கம் வந்தா இவரு இடது!

— போதும்டா.

— நான் மூணாவது வளைவுல கொடி புடிச்சுக்கிட்டு நின்னேன் அக்கா. ஆலங்கட்டி மழை, ஒரு மண்ணும் தெரியல. ஆனா அண்ணன் தெமிரைத் திட்டினது கேட்டுச்சு. வார்த்தை புரியல. மூஞ்சியைப் பாத்தா தலைமுறைக்கே திட்டற மாதிரி இருந்துது. போட்டியிலேர்ந்து தூக்கிட்டாங்க. டீம்ல கடைசி எடம் ஒண்ணு பாக்கி, அது தெமிருக்கு. இவருக்கு டிராலி பஸ் ஓட்டற வேலை. அதுலயும் முன்னாடி போற பஸ்ஸை ஒட்டியேதான் ஓட்டினாருன்னு பேச்சு!

— ஃபெத்யா தம்பி, நீ போய் லாரிக்கு வழி காட்டு.

— போறேங்கா. அண்ணே, பச்சையை மொதல்ல ஏத்திடு. அது கண்ணுலேர்ந்து மறைஞ்சாலாவது உன்னை வாலுன்னு இல்லாம ஒரேஸ்பெக்னு பேர் சொல்லிக் கூப்பிட வருதான்னு பாக்கறேன்.

— போடா, பெல்ட்டைப் புடிச்சுக்கிட்டுப் போ.

— ஆயுசு முழுக்க அவன் உங்களை வாலுங்கறான், நீங்க சிரிக்கறீங்க.

— பழகிடுச்சு. நம்ம பசங்க பள்ளிக்கூடத்துல ‘சின்ன வால்’னு கூப்பிட்டாங்களே, அன்னிக்குத்தான் கொஞ்சம் உறுத்துச்சு. விடு. சிவப்பைத் துடைச்சு வை.

— பச்சையைக் கீழ இறக்குங்க.

— லாரிக்கா? அப்பாடா.

— எனக்கு. கேட் வரைக்கும் ஒரு தடவை போய்ட்டு வர்றேன்.

— முட்டி வலிக்குதுன்னு லிஃப்ட் இல்லாத வீட்டுக்கு விருந்துக்கே போக மாட்ட. ரேஸ் வண்டியில ஏறப் போறியா?

— இறக்குங்களேன்.

— இந்தா. புடி. பாவாடையைச் செருகு, செயின்ல மாட்டும். மெதுவா. ம், ஏறு.

— எட்டல.

— எப்படி எட்டும்? ஆறடி ஆள் வண்டி.

— அன்னிக்கும் எட்டல. சீட்டை இறக்கிப் பாத்தான் அண்ணன். கம்பி குழாய்க்குள்ள பாதி வழியில முட்டிக்கிச்சு. அதனாலதான் அறுத்தான்.

— என்னிக்கு?

— மெதேவ் போட்டி அன்னிக்கு.

— நீ சொல்லு. கேட்டுக்கிட்டிருக்கேன்.

— போட்டிக்கு முந்தின நாள் அண்ணனுக்கு உக்கார்ற எடத்துல கட்டி. கோழி முட்டை அளவு. சீட்டுல உக்கார முடியல, கட்டில்ல உக்கார முடியல, குப்புறப் படுத்துக்கிட்டு அழறான். போட்டிக்கு வரலன்னா கிளப்புலேர்ந்து பேரை அடிச்சுட்டு ராணுவத்துக்கு அனுப்பிடுவாங்கன்னு பயம். அவன் சட்டை, அவன் நம்பர், அவன் தோல் தலைக்கவசம், எல்லாத்தையும் எனக்கு மாட்டிவிட்டான். ‘நீ சும்மா மேல போய்ச் சேந்தா போதும், யாரையும் தாண்டித் தொலைக்காத’ன்னான்.

— ம்.

— நானும் தாண்டக்கூடாதுன்னுதான் பாத்தேன். நீங்க ரொம்ப மெதுவாப் போனீங்க.

— அது ஏற்றம்!

— எனக்கும் அதே ஏற்றந்தான். இன்னும் மெதுவாப் போனா கீழ விழுந்திருப்பேன். தைச்ச டயரையெல்லாம் யாரு ஓட்டிப் பாத்துட்டுக் குடுத்தாங்கன்னு நினைச்சீங்க? விடிஞ்சதும் அந்த ரோட்டுல ஏறி இறங்கறதுதான் எனக்கு வேலை. மேல போய் நின்னதும் அண்ணன் நொண்டிக்கிட்டே வந்து கம்பளியைத் தலையோட போத்தி இழுத்துக்கிட்டுப் போயிட்டான்.

— இத்தனை வருஷமா…

— குரான் மேல கை வச்சு சத்தியம் வாங்கினான். டீம்ல எடம், அதுக்குக் கிடைச்ச வீடு, எல்லாம் போயிடுமேன்னு. அவன் இருக்கற வரைக்கும் வாயைத் திறக்கல. இப்ப அவனும் இல்ல. கண்ணாடிப் பெட்டிக்குள்ள அவன் பேரைப் போட்டு இது நிக்கறதை என்னால ஏத்துக்க முடியல. உங்களுக்குக் காரணம் வேணும்னீங்க. இதுதான்.

— அந்த மேசையில ரெண்டாவது டிராயரைத் திற.

— எதுக்கு?

— எண்ணெய்த் துணியில சுத்தி ஒண்ணு இருக்கும்.

— இது… அறுத்த கம்பி! பழைய சாமான்காரன்கிட்டப் போட்டேன்னீங்க?

— குடு இங்க. அந்தச் சின்ன ஸ்பேனரையும் குடு. இது இல்ல, அது. வண்டியைச் சாய்க்காம புடி.

— ஃபேக்டரி சாமான் இல்லன்னீங்களே?

— இல்லதான். இப்ப ஏறு. எட்டுதா?

— எட்டுது.

— ம். அவ்வளவு அசிங்கமா ஒண்ணும் இல்ல. ஃபெத்யாகிட்டச் சொல்லிடு, லாரியில சிவப்பு ஏறும். பச்சை நிக்குது.

— உங்க சிவப்பா? ஓய்பாய், அந்த எஸ்தோனியாக்காரன் பெட்டி?

— காலியாக் கிடக்கட்டும். இல்ல, பெல்ட்டோட ஃபெத்யாவை உள்ள நிறுத்தட்டும்.

— ஒண்ணு கேக்கறேன், கிழவரே. கேக்கணும்னு எத்தனையோ தடவை நாக்கு நுனி வரைக்கும் வந்துது. கேட்டா என் கதை வெளிய வந்துடும்னு முழுங்கிட்டேன். நீங்க தோத்தா தொப்பியைக் கழட்டிட்டு ஒதுங்கிப் போற ஆளு. அடுத்தவன் தட்டுலேர்ந்து ஒரு துண்டு ரொட்டி எடுக்க மாட்டீங்க. நடந்து போற வேகத்துல ஏறற அந்த மலையில, திருடறதுக்கு ஏது காத்து? அப்புறம் எதுக்கு என் பின்னாடியே ஒட்டிக்கிட்டு வந்தீங்க? எதுக்கு அப்படித் திட்டினீங்க?

— எங்க திட்டினேன்? தலைக்கவசத்துலேர்ந்து உன் பின்னல் அவுந்து முதுகுல ஆடிக்கிட்டிருந்துது, குல்யாஷ். உள்ள தள்ளு, உள்ள தள்ளுன்னு தொண்டை கிழியக் கத்தினேன், நீ திரும்பவே இல்ல, பின்னாடி ஜீப்பு வந்துடுச்சு, அவனுங்க கண்ணுக்கும் உன் பின்னலுக்கும் நடுவுல நான் வராம வேற யாரு வருவா?