எழுந்திருக்க மறுத்த ஹார்ன்

ராத்திரி பதினொன்றரை இருக்கும். பங்காருபாளையம் தாண்டி, காட்டோரமாக மாந்தோப்புகளுக்குப் போகும் மண் பாதை. ஒரே ஒரு பைக்… ஒரே ஒரு விளக்கு. ஓட்டியவன் சுதீர், நம் தோழி மோனிகாவின் அத்தை மகன். அவள் இங்கே இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்லவே விட்டிருக்கமாட்டாள்.

திருப்பதியில் அவனுக்கு வேலை. உள்ளங்கை அகல எலக்ட்ரானிக் போர்டுகளுக்கு புரோகிராம் எழுதுவான். அப்படி ஒரு போர்டைத்தான் ஜெகநாதன் தன் தோப்புப் புளியமரத்தில் கட்டியிருந்தார். யானையை விரட்ட. பேட்டரி தீராமலிருக்க அது தூங்கும். வேலிக்கு அப்பால் ஏதாவது அசைந்தால் எழும். யூஎஸ்பி வயரில் மாட்டிய ஹார்னை அலறவிடும். யானை ஓடிவிடும்.

ஒரு வாரமாக ஹார்ன் அலறவில்லை.

"போர்டு எழுந்துக்குது தம்பி. ஹார்னு எழுந்துக்க மாட்டேங்குது," என்றார் ஜெகநாதன். அவர் டார்ச் அடித்த பக்கம் இரண்டு மாமரங்கள் வேரோடு கிடந்தன. நசுங்கிய காய்களின் புளித்த வாடை. "நாளிக்குக் காய் எறக்கணும். இன்னிக்கி ராத்திரி அதுங்க வந்துச்சின்னா நான் காலி."

"பாத்துடலாம்ணா."

"துன்னுட்டு வந்தியா?"

"வேல முடியட்டும்."

மரத்தடியில் ஒரு மண்மேடு. சுதீர் அதன்மேல் உட்கார்ந்து லேப்டாப்பைப் போர்டில் மாட்டினான். தூங்க வைத்தான். எழுப்பினான். திரையில் வரிகள் ஓடின. எழுந்த போர்டு ஹார்னைக் கூப்பிடுகிறது… பதில் இல்லை. மறுபடி கூப்பிடுகிறது… இல்லை. கைவிட்டுவிடுகிறது. வயரைப் பிடுங்கிச் செருகினால் ஹார்னுக்கு உயிர் வந்தது. தூங்கி எழுந்தால் மறுபடி பிணம். வயரை மாற்றினான். போர்டில் அது செருகும் துளையை மாற்றினான். அதே கதை.

கடைசியில், போர்டு எழும்போதெல்லாம் அந்தத் துளைக்குக் கரண்டை வெட்டி, திரும்பக் கொடுக்கும்படி எழுதினான். எழாதவனை உதைத்து எழுப்புகிற வேலை.

ஹார்ன் எழுந்தது.

பிளிறல்… நீண்டு போய், நடுவில் உடைந்து, தொண்டைக்குள் எதுவோ கொதிப்பது போலக் கரகரத்து அடங்கியது. சுதீர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினான்.

"இந்த சவுண்டு எங்க புடிச்சீங்க?"

"இங்கியே தான்." ஜெகநாதன் சிரித்தார். "போன வருசம் வேலியில கரண்டு உட்டிருந்தேன். ஒண்ணு மாட்டிக்கினுச்சி. சாவறதுக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கினுச்சா, செல்லுல புடிச்சி வெச்சிக்கினேன். அத்தக் கேட்டா வேற எதுவும் கிட்ட வராது."

"அத்த என்னா பண்ணீங்க?"

"ஜேசிபி வெச்சிப் பொதச்சிட்டேன். யாருக்கும் தெரியாது. நீ உக்காந்துக்கினு இருக்கியே… அந்த மேடுதான்."

சுதீர் எழ நினைத்தான். கடைசியாக ஒரு சோதனை பாக்கி இருந்தது. போர்டைத் தூங்க வைத்தான். போர்டின் விளக்குகள் எல்லாம் அணைந்தன. பூச்சிகளின் சத்தமும் நின்றது.

போர்டு தானாக எழுந்தது.

எழுப்பியது யார் என்று திரையில் ஒரு வரி வரும். வேலியின் சென்சார் இல்லை. ஹார்ன் மாட்டிய துளை. ஹார்னுக்குக் கத்த மட்டும்தான் தெரியும்… யாரையும் எழுப்பத் தெரியாது.

ஹார்ன் பிளிறி அடங்கியது. பதில் பிளிறல், மண்மேட்டுக்குக் கீழேயிருந்து வந்தது. காதுக்கு முன்னால் அவன் தொடைகளுக்குத் தெரிந்தது. தோல் கருகும் நாற்றம்.

ஜெகநாதன் இடுப்பில் மடங்கி, அந்தரத்தில் மேலே போனார். தூக்கியது எதுவும் கண்ணில் படவில்லை. அது அவரைப் புளியமரத்தில் அடித்தது. ஒரு முறை… இன்னொரு முறை. தோள் எலும்பு சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

"ஒயரப் புடுங்கு… சுதீரு, ஒயரப் புடுங்கு…"

சுதீர் இரண்டு கையாலும் இழுத்தான். வயர், ஹார்ன், போர்டு எல்லாம் உடைந்து கையோடு வந்தன. ஹார்ன் நின்றது. பிளிறல் நிற்கவில்லை.

ஜெகநாதன் தரையில் விழுந்தார். அவர் நெஞ்சின் மேல் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்தது. மெதுவாக… ஆழமாக. கரும்பு மெஷினுக்குள் கரும்பு நுழையும் சத்தம். லேப்டாப் திரையில் சூடாக எதுவோ தெறித்தது. கையில் வந்ததை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுதீர் ஓடினான்.

யானை மிதித்தது என்றார்கள் ஊரில். அவன் மறுக்கவில்லை.

மாங்காய் சீசன் முடிகிற சமயம், பக்கத்துத் தோப்பு பாலையா போன் செய்தார்.

"உன் ஹார்னு இப்ப தெனமும் கரெக்டா எழுந்துக்குது தம்பி. ஒரு யானைகூட வரல. ஆனா பழைய சவுண்ட ஏன் மாத்தின? 'ஒயரப் புடுங்கு, ஒயரப் புடுங்கு'ன்னு எவனோ ராத்திரி பூரா கத்திக்கினே கெடக்கறான். புள்ளைங்க பயப்படுதுங்க."

சுதீர் கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்துத் திறந்தான். இரண்டாக உடைந்த போர்டு இருந்தது. ஹார்ன் இருந்தது. செம்மண் காய்ந்த வயரும் இருந்தது.

தொட்டுப் பார்த்தான்.

வயர் சூடாக இருந்தது.