பேய் – முகத்தோடு

பேய்: ...அதுக்கு எதுக்கு மாமா அலமாரியைத் திறந்து வச்சுட்டு, அதுக்குள்ள தலையை விட்டுப் பேசணும்?

இயக்குநர்: எதிரொலி வராதுடா. பெரிய இடத்துல சுவரெல்லாம் பஞ்சு அடிச்சிருப்பாங்க. நம்மகிட்ட உங்க அக்கா துணி இருக்கு.

பேய்: பூச்சி உருண்டை வாசனை மூக்கைத் துளைக்குது.

இயக்குநர்: வாசனை பதிவாகாது. மைக்குக்கிட்ட வா... அவ்வளவு கிட்ட வராத. சிவப்பு லைட் எரியுது பாரு, ஆரம்பிச்சாச்சு.

பேய்: சொல்லிட்டு ஆரம்பிக்கக் கூடாதா?

இயக்குநர்: வணக்கம். 'பதினாலாவது அறை' டிஸ்க்கைக் கையில வச்சிருக்கற உங்களுக்கு நன்றி. படம் ஒரு பக்கம் ஓடும், நாங்க ஒரு பக்கம் அதைப் பத்திப் பேசிட்டு இருப்போம். நான்தான் இதை எழுதி, இயக்கி, எடிட் பண்ணி...

பேய்: கதாநாயகனாவும் நடிச்சு...

இயக்குநர்: கூப்பிட்டவங்க யாரும் வரலைங்கறதால நடிச்சு. பக்கத்துல இருக்கறது என் மச்சான். என் பொண்டாட்டியோட தம்பி. இதுல வர்ற பேய் இவன்தான்.

பேய்: வணக்கம். என்னைப் பார்த்தா உங்களுக்கு அடையாளம் தெரியாது. படம் எழுபத்தோரு நிமிஷம், அதுல பாதி நேரம் நான் இருக்கேன். மூஞ்சி மட்டும் ஒரு இடத்துலயும் வராது.

இயக்குநர்: பேய்க்கு எதுக்குடா மூஞ்சி? இடுப்பு வரைக்கும் முடி இருந்துச்சுல்ல.

பேய்: நைலான் முடி. வாய்க்குள்ள போய்ப் போய், இன்னும் தொண்டையில ஒண்ணு இருக்கற மாதிரியே இருக்கு.

இயக்குநர்: இப்ப திரையில பார்க்கறது அந்தப் பழைய பங்களா. அதாவது... இந்த வீடுதான். மொத்தம் ரெண்டு அறை. திரைச்சீலையை மாத்தி மாத்திப் பதினாலு அறையாக்கினோம்.

பேய்: நாலாவது அறையும் ஒன்பதாவது அறையும் பாருங்க. ஒரே காலண்டர் தொங்கும்.

இயக்குநர்: அது வேணும்னே வச்சது. காலம் உறைஞ்சு நிக்குதுன்னு காட்ட.

பேய்: கழட்ட மறந்துட்டோம்னு பன்னெண்டு வருஷமா என்கிட்ட சொல்லிட்டு இருந்தீங்களே.

இயக்குநர்: அது வீட்டுக்குச் சொல்றது. இது டிஸ்க்குக்குச் சொல்றது.

பேய்: இதோ நான் வந்துட்டேன். பின்பக்கமா நடந்து வர்றேன்.

இயக்குநர்: முன்னாடி நடக்க விட்டு, எடிட்ல பின்னோக்கி ஓட்டினேன். இந்த ஷாட்டைப் பார்த்துட்டு ஒருத்தர் எனக்குக் கடிதமே போட்டார்.

பேய்: ஜன்னலுக்கு வெளிய பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிள்ல பின்பக்கமாவே போறார் பாருங்க. அதைப் பத்திக் கடிதத்துல ஒண்ணும் இல்லையா?

இயக்குநர்: அதைப் பத்தித்தான் கடிதமே.

நாயகி: ஏங்க, மிக்சி போடலாமா?

இயக்குநர்: பதிவு ஓடுதும்மா.

நாயகி: உங்க பதிவு முடியற வரைக்கும் நான் அம்மியையா தேடுறது? ரெண்டு நிமிஷம்.

பேய்: நேயர்களே, இப்ப கேட்டது படத்தோட கதாநாயகி. என் அக்கா.

நாயகி: அந்தப் படத்துல நான் எட்டு தடவை கத்தியிருக்கேன். அதுல ஆறு, நிஜமாவே கரப்பான்பூச்சியைப் பார்த்து. அதையும் சேர்த்துச் சொல்லிடுங்க.

இயக்குநர்: மிக்சி சத்தத்தை அப்புறம் வெட்டிக்கலாம். விடு.

பேய்: உங்களுக்கு வெட்டச் சொல்லியா தரணும்? சும்மா சொன்னேன் மாமா. பேசுங்க.

இயக்குநர்: இங்க பேயோட கை நடுங்குது கவனிங்க. இந்த நடுக்கத்தை எல்லாரும் பாராட்டினாங்க.

பேய்: ரத்தம்னு சர்க்கரைப் பாகுல சிவப்புச் சாயத்தைக் கலந்து ஊத்திட்டார். அரை மணி நேரத்துல எறும்பு ஏறிடுச்சு. அசையாம நில்லு, இன்னும் ஒரே ஒரு டேக்குன்னு சொல்லிச் சொல்லி ஏழு டேக் எடுத்தார். அந்த நடிப்பு மொத்தமும் எறும்போடது.

இயக்குநர்: கடைசியில ஓடற பேர்ப் பட்டியல்ல எறும்புக்கு நன்றி போட்டிருக்கேன்.

பேய்: என் பேரையும் போட்டீங்க, எறும்புக்குக் கீழ. எங்க அம்மா முதல் தடவை பார்த்தப்போ பேர் வர்ற வரைக்கும் எழுந்திருக்கல. முடிஞ்சதும், "நீ எங்கடா வந்த?"ன்னு கேட்டாங்க.

இயக்குநர்: அத்தை இன்னும் கேக்கறாங்க. நான் எப்ப அந்த வீட்டுக்குப் போனாலும், சாப்பிட உக்காந்ததும் அதேதான். "மாப்பிள்ளை, அந்தப் படத்துல என் பையன் எந்த இடத்துல வர்றான்?" பத்துப் பேர் இருக்கறப்போ கேப்பாங்க. வாய்ல வச்சது இறங்காது.

பேய்: வயசானவங்க. மறந்துபோய்க் கேப்பாங்க.

இயக்குநர்: இது என் சீன். பொண்டாட்டி செத்துட்டான்னு நான் அழற இடம்.

பேய்: அழறீங்களா? எனக்கு என்னமோ தும்மல் வரப்போற மாதிரி...

இயக்குநர்: வெங்காயம் பத்தல.

பேய்: இதுக்கு எவ்வளவு பழகினாருன்னு உங்களுக்குத் தெரியாது. கேமராவை ஸ்டாண்டுல வச்சு, எதிர்ல கண்ணாடியை மாட்டி, கதவைச் சாத்திக்கிட்டு ஒரு நாள் முழுக்கப் பழகினார். அக்கா கதவைத் தட்டி, உள்ள யாருக்காவது வயித்து வலியான்னு கேட்டா.

இயக்குநர்: என் மூஞ்சி அழுதா எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்க எடுத்தேன். அப்புறம் போட்டுப் பார்க்கத் தைரியம் வரல. அந்த டேப்பு எங்க போச்சுன்னே தெரியல... நல்லவேளை.

பேய்: நல்லவேளைதான்.

இயக்குநர்: இவன் இதுக்கப்புறம் நடிக்கலைங்க. நானும் படம் எடுக்கல. இப்ப நான் எடுக்கறது, லிஃப்ட்ல மாட்டிக்கிட்டா என்ன செய்யணும்னு ஆபீஸ்களுக்கு வீடியோ.

பேய்: அதுல மாமா ஹீரோ இல்ல. லிஃப்ட்தான் ஹீரோ.

இயக்குநர்: இவன் போட்டோ ஸ்டுடியோவுல வேலை பார்க்கறான்.

பேய்: பாஸ்போர்ட் படம். முடியை ஒதுக்குங்க, நேராப் பாருங்க, சிரிக்காதீங்க. நாளெல்லாம் மூஞ்சி மூஞ்சியா எடுக்கறேன்.

இயக்குநர்: நீ நடிச்சிருக்கலாம்டா.

பேய்: கேட்டுப் போனேனே. ஒரு நாடகக் குழுவுல. இதுக்கு முன்னாடி நடிச்சதைக் காட்டுன்னாங்க. இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். குழு நடத்தறவர் இருபது நிமிஷம் பார்த்துட்டு, "இதுல நீ எங்கப்பா?"ன்னு கேட்டார். அந்த முடி நான்தான் சார்னு சொன்னேன். தண்ணி குடுத்து அனுப்பிட்டாங்க.

இயக்குநர்: இதை நீ என்கிட்ட சொன்னதே இல்ல.

பேய்: சொன்னா மட்டும் முடியைப் பின்னி விட்டிருப்பீங்களா?

இயக்குநர்: ...மச்சான், இப்ப குழாயடிக் காட்சி வருது.

பேய்: வருதுன்னு சொல்லாதீங்க. இதோ, குழாய் சொட்டுது... நான் அதை நோக்கிப் போறேன்... போறேன்... அவ்வளவுதான். டக்குனு விடிஞ்சுபோச்சு. நீங்க பல் தேய்ச்சிட்டு இருக்கீங்க.

இயக்குநர்: இந்த இடத்துல நாலு நிமிஷம் ஒரு காட்சி எடுத்திருந்தோம். ஒரே ஷாட். பேய் குழாயடியில உக்காந்து, முடியைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு, மூஞ்சியைக் கழுவிட்டுப் பேசும்.

பேய்: டயலாக் மறந்துபோச்சு. வாய்க்கு வந்ததைப் பேசினேன்.

இயக்குநர்: "என்னைப் பார்த்தா எல்லாரும் ஓடறாங்க. ஓடறவங்க ஒரே ஒரு தடவை என் மூஞ்சியைப் பார்த்துட்டு ஓடக் கூடாதா"ன்னு கேட்ட.

பேய்: ...பன்னெண்டு வருஷம் கழிச்சு வார்த்தை மாறாம சொல்றீங்க.

இயக்குநர்: ம்.

பேய்: அந்த டேப்பு மெஷின்ல சிக்கி, குடலை உருவின மாதிரி வெளிய வந்துடுச்சுங்க. மாமா அதைக் குப்பையில போடறப்போ கண் கலங்கிட்டார்னு அக்கா சொன்னா.

இயக்குநர்: டேப்பு சிக்கல மச்சான். குப்பையில போட்டது வெறும் டேப்பு. நானே உருவிப் போட்டேன். உன் டேப்பு இந்த அலமாரிக்கு மேல, போர்வைக்குக் கீழ இருந்துச்சு. டப்பாவுலயும் டேப்புலயும் 'பேய் – முகத்தோடு'ன்னு எழுதி வச்சிருந்தேன்.

நாயகி: மிக்சியை நிறுத்திட்டேன். இனிமே நிம்மதியாப் பேசுங்க.

இயக்குநர்: ...ஒண்ணு சொல்லுடா. திட்டவாவது செய்.

பேய்: சிவப்பு லைட் எரியுதே மாமா.

இயக்குநர்: எரியட்டும். அதுக்குத்தான் உன்னை வரச் சொன்னேன். நேருக்கு நேர் உக்காந்து சொல்ல எனக்கு நாக்கு எழல. உன் தங்கச்சி கல்யாணத்துல சொல்லணும்னு நினைச்சேன். உனக்குக் குழந்தை பிறந்தப்போ ஆஸ்பத்திரி வராந்தாவுல வாய் வரைக்கும் வந்துச்சு. மைக்கு இருந்தா படத்தைப் பத்திப் பேசற மாதிரியே சொல்லிடலாம்னு...

பேய்: ஏன் வெட்டினீங்க?

இயக்குநர்: அந்தக் காட்சியைப் போட்டா பேயைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டாங்கடா. ஐயோ பாவம்னு உக்காந்துடுவாங்க. அதுக்கப்புறம் படம் நிக்காது.

பேய்: அதுதான் காரணமா?

இயக்குநர்: ...அதுதான்.

பேய்: வேற ஒண்ணும் இல்லையே?

இயக்குநர்: வேற என்ன இருக்கப் போகுது?

பேய்: சரி.

இயக்குநர்: சரின்னா? இப்ப அதுக்கு ஒரு வழி பண்ணியிருக்கேன். டிஸ்க் கம்பெனிக்காரர், படத்துல இருந்து எடுத்த காட்சி ஏதாவது இருந்தா குடுங்கன்னு கேட்டார். போட்டுப் பார்க்க என்கிட்ட மெஷின் இல்ல. டப்பாவைத் திறக்காம அப்படியே கவர்ல போட்டுப் போன வாரம் அனுப்பிட்டேன்.

பேய்: அனுப்பிட்டீங்களா? அலமாரி மேல இருந்ததையா?

இயக்குநர்: ஆமா. நேத்து போன் பண்ணினார். "சார், முதல்ல ஆபீஸ்ல எல்லாரும் சிரிச்சோம். கடைசி அஞ்சு நிமிஷம் ஒருத்தரும் பேசல. ஒரு பொண்ணு எழுந்து வெளிய போயிட்டா. இந்த மாதிரி நடிப்பை வச்சுக்கிட்டு எப்படி சார் வெளிய எடுத்தீங்க? முழுசா அப்படியே போடறோம், அட்டையிலயும் அந்த மூஞ்சிதான்"னு சொல்லிட்டார். உன் மூஞ்சி மச்சான். அட்டையில.

பேய்: கடைசி அஞ்சு நிமிஷமா?

இயக்குநர்: அவர் சொன்னது அது. ஏன்?

பேய்: குழாயடிக் காட்சி மொத்தமே நாலு நிமிஷம் மாமா.

இயக்குநர்: ...ஏதோ பேச்சுக்குச் சொல்லியிருப்பார்.

பேய்: அந்தப் பையை இப்படி எடுங்க. கால் கிட்ட... ஜிப்பைத் திறங்க.

இயக்குநர்: என்னடா இது? டேப்பு... என் கையெழுத்து. 'பேய் – முகத்தோடு'.

பேய்: டப்பாவை அங்கயே விட்டுட்டேன். டேப்பை மட்டும் எடுத்துக்கிட்டேன். படம் வந்த வருஷம் இந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கறப்போ அலமாரியை நகர்த்தினது நான்தானே. ஸ்டுடியோவுல பழைய டேப்பைப் போட்டுப் பார்க்கற மெஷின் இருக்கு.

இயக்குநர்: பன்னெண்டு வருஷமா உனக்குத் தெரியுமா?

பேய்: இங்க வரும்போதெல்லாம் பையில எடுத்துட்டு வருவேன். நீங்க வாயைத் திறந்து சொல்ற அன்னிக்குக் குடுக்கணும்னு. பை மூணு தடவை மாறிடுச்சு.

இயக்குநர்: அத்தைக்கும் தெரியுமா?

நாயகி: அம்மாவா? இவன் எடுத்துக் குடுத்த காப்பியை மாசத்துக்கு ஒரு தடவை பார்க்கறாங்க. உங்களைப் பார்த்தா மட்டும் மறந்துபோற மாதிரி கேப்பாங்க.

இயக்குநர்: நீ எப்ப வந்து நின்ன?

நாயகி: நீங்க "வேற என்ன இருக்கப் போகுது"ன்னப்போ. அடுப்புல பால் இருக்கு, நான் போறேன். ரெண்டு பேரும் பேசி முடிங்க.

இயக்குநர்: ...மச்சான்.

பேய்: சொல்லுங்க.

இயக்குநர்: இது இங்க இருக்குன்னா, நான் கம்பெனிக்கு அனுப்பின டேப்புல யார் மூஞ்சிடா இருக்கு?

பேய்: உங்க மூஞ்சி மாமா. டப்பா காலியா இருந்தா தெரிஞ்சுடும்னு, பக்கத்துல பேர் எழுதாம கிடந்ததை உள்ள போட்டேன். போடறதுக்கு முன்னாடி பார்த்தேன்... கண்ணாடி முன்னாடி நீங்க பழகினது. பனியனோட, அரை மணி நேரம், அழுகை வராம முக்கறீங்க. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அப்புறம் கேமரா ஓடறதையே மறந்துட்டுத் தரையில உக்காந்துட்டீங்க. "அவனுக்கு ஒரே தடவையில வந்தது எனக்கு வரலையே, அந்தக் காட்சியைப் போட்டா என்னை எவன் பார்ப்பான்"னு சொல்லி அஞ்சு நிமிஷம் அழுதீங்க... நிஜமாவே அழுதீங்க மாமா. அன்னிக்கே எனக்குக் கோவம் போயிடுச்சு. அதை அக்காவுக்குக் கூட நான் காட்டினதில்ல, நீங்கதான் அட்டைப்படமாப் போட அனுப்பியிருக்கீங்க.