மருந்துக்கு விழுந்த வரி

“இண்டைக்குக் கூட்டத்திலை நான் உங்கடை மனுசி இல்லை.”

கரவெட்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்த பெண் கணவரிடம் சொன்னார். இருவரும் ஒரே இடதுசாரிக் கட்சி. கணவர் அதன் கிளைத் தலைவர்.

“பணக்காரரின்ரை சொத்துவரியைக் கைவிட்டு, மருந்துக்கு வரி போட எங்கடை ஆக்களே பாராளுமன்றத்திலை கை உயர்த்தியிருக்கினம்.”

“அதாலைதானே ஏழையளின்ரை உதவிப்பணம் தப்பினது? எதிர்த்திருந்தால் அதுவும் போயிருக்கும்.”

“அந்தக் காசை அப்பிடியே மருந்துக்கடையிலை குடுக்கட்டோ? மருந்துக்கு வரி வராது எண்டு வீடு வீடாய்ப் போய்ச் சொன்னது நான். இனி அந்தப் படலையளை எப்பிடித் திறக்கிறது?”

பஸ் நிலையம் வந்ததும் கணவர் மெதுவாகச் சொன்னார்:

“சரி, உன்னையே முதலிலை கதைக்க விடுறன்.”

“விடுறதுக்கு நீங்கள் ஆர்? நான் கதைப்பன்.”